முப்பத்தொரு கிராம்

குழாய் தேடக் கொண்டுபோன கருவி
காக்ஸ் டவுன் தோட்டத்தில் கூவியது.
தோண்டினால் குழாய் இல்லை.
நெல்லிக்காய் அளவில் ஒன்று,
சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து.

வலைக்குண்டு என்றார் மேஸ்திரி சவரிமுத்து.
கடல் இல்லாத ஊரில் ஏது வலை?
அல்சூர் ஏரி என்னாச்சு என்றார்.
அதை மறந்துதான் போயிருந்தேன்.

மதியம் சிவாஜி நகர் அடகுக்கடையில்
தங்கத் தராசை இரவல் கேட்டேன்.
பாஃப்னா சேட்டு மூக்கைச் சுளித்தபடி
கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டார்.
முப்பத்தொரு கிராம், எழுநூறு மில்லி.
நகத்தால் கீறினேன்.
உள்ளே ஈயம், புதுப்பல்போல.

வலைக்குண்டென்றால் நடுவே துளை வேண்டும்.
இதற்கு இடுப்பைச் சுற்றி ஒரு கோடுதான்,
அச்சின் இரு பாதியும்
கூடிப் பிரிந்த தழும்பு.
சுட்டிருந்தால் தேய்ந்திருக்கும்.
எவன்மேலாவது பட்டிருந்தால்
அப்பளமாய் நசுங்கியிருக்கும்.

ஆக, துப்பாக்கிக் குண்டு. சுடாதது.
எந்தச் சிப்பாயின் பையிலோ ஓட்டை.
எண்ணி வாங்கும் ஹவில்தாரிடம்
ஒன்று குறைந்ததற்கு
என்ன சொல்லிச் சமாளித்தானோ.
இது போய்ச் சேரவேண்டிய ஆள்
வேறெதிலாவது செத்திருப்பான்:
காலரா, கடன்,
எண்பது வயது.

எவ்வளவு வேணும் என்றார் சேட்டு, பழக்கத்தில்.
அடகுக்கு இல்லை என்றேன்.
தராசுத் தட்டை இரண்டுமுறை துடைத்தார்.

சாயங்காலம் குழாய் கிடைத்தது,
தேடிய இடத்துக்கு ஆறடி தள்ளி.
அதுவும் ஈயம்.
அந்த வீட்டில் மூன்று தலைமுறை
அதில்தான் தண்ணீர் குடித்திருக்கிறது.