ஆரோக்கியமானவள், மெரிபேங்க்

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூக்கு ஒன்று வேண்டும் என்றார்கள்.
ஜூலை மாதத்து டர்பனில் யாரும் அகப்படவில்லை.
ஃபாரத்தில் விலாசம் கேட்டிருந்தது.
மெரிபேங்க் என்று எழுதினேன், ஒருவரும் படிக்கவில்லை.
தலையை நிமிர்த்தினேன்;
நோம்வூலா சின்ன பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றினாள்.
கண்ணில் நீர். அழுகையில்லை, அனிச்சை.
புட்டியின்மேல் எழுதினாள்: எம்-ஒன்பது, ஆரோக்கியம்.

முதல் வாரம் அவை எதுவுமாக இல்லை.
சல்லடைத் தோலில் ஒட்டிக்கொண்டு
ரோஜா நிறத் திரவத்தில் முழுகிக் கிடந்தன
அடிச்செல்கள்,
பள்ளி திறந்த நாள் வரிசை மாதிரி, எல்லாம் ஒரே முகம்.
இந்த வார்த்தைகள் எதையும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
சொல்லித்தரவில்லை. நானே ஒட்டவைத்துக்கொண்டேன்.
சளி மட்டும் வீட்டிலேயே இருந்தது.

எட்டாம் நாள் மேல்திரவத்தை உறிஞ்சி எடுத்தேன்.
கீழே சாப்பாடு, மேலே காற்று.
நாம் செய்வது அவ்வளவுதான்.
கருவிலிருக்கும் பிள்ளை தண்ணீருக்குள்ளேயே
இதையெல்லாம் படித்துவிடுகிறது, எப்படி என்று கேட்டால்
டாக்டர் க்வாலா நீளமாகப் பேசுவார்.
என் தட்டில் இருப்பவை காற்றைக் கேட்கின்றன.
பட்டதும், பக்கத்திலிருப்பவளைத் தொட்டுப் பார்க்கின்றன.
தொட்ட கை அழுத்தினால்
அழுத்தப்பட்டவள் சளி சுரக்கப் போகிறாள்.
அழுத்தம் படாதவள் தலையில்
நூற்றுக்கணக்கில் இழை முளைத்து, துடுப்புப் போடக் கற்கிறாள்.
எங்கள் தெருவில் கோகி நர்ஸானதும்
அடுத்த வீட்டு வனீஷா
வீம்புக்கே கணக்கெழுதப் போனாளே, அது மாதிரி.
சிலர் அடியிலேயே தங்கிவிடுகிறார்கள்,
காயம் வந்தால் எழுந்து வர.

பதினான்காம் நாள் மின்சாரம் போனது,
இரவு பத்து முதல் பன்னிரண்டரை.
ஜெனரேட்டர் இருமியது, பிறகு பற்றிக்கொண்டது.
இன்குபேட்டர் கதவில் கை வைத்தபடி நின்றேன்.
முப்பத்தேழு டிகிரி. என் உடம்பும் அதுதான்.
ஆலை இன்னும் ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது.
ஜன்னலில், தெற்கே, சுடர் எரிந்தது;
அதற்கு மின்வெட்டு இல்லை.

இருபத்தோராம் நாள்
மூன்று தட்டில் ஒன்றைச் சாயம் போட்டுப் பார்த்தோம்.
சளிக்காரிகள் பச்சையாகத் தெரிவார்கள்.
நோம்வூலா எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:
சின்ன வயதில் உனக்கு இழுப்பு உண்டா?

தம்பிக்கு உண்டு.
வகுப்பில் பாதிப் பேருக்கு உண்டு.
டீச்சர் மேசையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருக்கும்,
பம்புகள், பிளாஸ்திரியில் பெயர் எழுதி.
என் பெயர் அதில் இல்லை.
நான் நானூறு மீட்டர் ஓடினவள்.

பச்சை, பச்சை, பச்சை.
நடுநடுவே துடுப்புக்காரிகள்,
திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் போல.

ஒரு தட்டு எதையும் நிரூபிக்காது என்று
டாக்டர் க்வாலா மூன்று தடவை சொன்னார்.
ஆரோக்கியம் என்ற சொல்லின்மேல் கோடு போட்டார்.
ஒப்பிட ஆகாது. கொட்டிவிடலாம்.

கொட்டவில்லை.
ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு மாற்றினேன்,
செலவுக் கணக்கில் ஏற்றாமல்.
இருபத்தெட்டாம் நாள், ஞாயிறு, கட்டடத்தில் ஆளில்லை.
லென்ஸுக்கடியில் தட்டின் ஒரு மூலை மினுங்கியது,
கொதிக்கப்போகும் வெந்நீரின் மேற்பரப்பு மாதிரி.
துடுப்புகள்.
கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தொண்டை கிடையாது அங்கே.
வெளியே என்பது எந்தப் பக்கம் என்று
யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை.
அவ்வளவு சளியையும், அத்தனை பாரத்தையும்
ஒரே போக்காக, வட்டமாக, வட்டமாகத்
தள்ளிக்கொண்டே இருந்தன.

எனக்கு இருமல் வந்தது.
முகத்தைத் திருப்பி
முழங்கைக்குள் இருமினேன்.