லா. ப.

வங்கியில் நகை மதிப்பீட்டாளர் நான்.
மிஷன் வீதிக் கிளை, பத்து முதல் இரண்டு வரை.
உரைகல், அமிலம், தராசு, கண்ணிடுக்கில் லென்சு.
தங்கக் கூட்டுக் கடிகாரம் வந்தால் எடை போட்டுவிட்டு
உள்மூடியை நிமிர்த்திப் பார்ப்பேன்.
அங்கேதான் அவர் குடியிருக்கிறார்.

ஊசியால் கீறிய இரண்டு எழுத்து: லா. ப.
லாசரு பத்தர். முழுப் பெயரை
ஒரு பழைய ரசீதின் முதுகில் கண்டேன்.
எழுத்தை ஒட்டித் தேதி, தேதியை ஒட்டி நோய்.
'உப்பு.' 'எறும்பு.' 'மூக்குப்பொடி.'
கப்பித்தான் பெயர் பொறித்த ஒன்றில் 'சாராயம்.'
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பெண்பிள்ளைக் கடிகாரம், அதில்
'ஒன்றுமில்லை. பேச வந்தார்.'
இருபத்தாறு வருஷத்தில் பதினேழு மூடிகள்.
அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவே;
மீதி நான் கட்டுவது.

கட்டுகிறேன்:
தகப்பன் பட்டறையில் மாலுமி ஒருவன்
அடகு வைத்து மீட்காத கடிகாரம்.
பதினோரு நாள் பிரித்தார், பதினோரு நாள் கோத்தார்.
ஓடியது.
ஒரு திருகு மிஞ்சியது.
அதைச் சாகும்வரை மடியில் முடிந்து வைத்திருந்தார்,
பட்டயம் போல.

நேற்று வந்தது பதினெட்டாவது.
பெலோமினா, மகனுக்குச் செமஸ்டர் கட்ட வேண்டும்.
"எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா, அடைக்கல முதலியார்.
இரும்புப் பாலத்துல வழுக்கிக் கடல்ல விழுந்துட்டார்.
தண்ணி புகுந்து நின்ன நேரம் மூணு பத்து.
அப்புறம் முள்ளை யாரும் தொட்டதில்ல, மேடம்."

நிமிர்த்தினேன்.
லா. ப. சர்வசித்து, ஐப்பசி 27.
'நீர் அன்று. சாவி.'

தண்ணீர் நிறுத்தினால் வில் இறுகியே கிடக்கும்,
பாதிப் பேச்சில் வாயைப் பொத்தினாற்போல்.
இது கடைசிச் சொல்வரை பேசி முடித்த வில்.
இரவு ஒன்பது குண்டுக்குத் தவறாமல் சாவி கொடுக்கிறவர்
வியாழன் இரவு கொடுக்கவில்லை.
வெள்ளிக்கிழமைக்கு அவருக்கு மணி வேண்டியிருக்கவில்லை.

பொலீசுக் கச்சேரி. வைத்திக்குப்பத்தார் தூக்கி வந்த உடல்,
நகக்கண்ணில் அவுரி நீலம் போகாமல்.
வாசலில் சம்பா கோயில் சாமியார், குடையை மடக்காமல்,
ஒரே சொல்லுக்குக் காத்திருக்கிறார்:
உப்பளத்தில் மந்திரித்த மண்ணா,
வேலிக்கு அப்பால் மண்ணா.
மதலேனம்மாள். நான்கு பெண்கள். கடைக்குட்டிக்கு இன்னும் பால்.
வேதப் புத்தகத்தின் மேல் பத்தரின் கை.
கேள்வி பிரெஞ்சில் வந்தது, துபாசி இறக்கி வைத்தான்:
"தண்ணீர்தானே?"
இன்னொரு கை மடியைத் தடவியிருக்கும்.
ஒன்று குறைந்தாலும் ஓடும் என்று கண்டவர்.
"தண்ணீர்தான்."

திருப்பிக் கொடுக்குமுன் ஊசியை எடுத்திருக்கிறார்.
சாட்சிக் கூண்டில் வந்த பொய்
பட்டறையில் வரவில்லை.
அடுத்துப் பிரிக்கிறவன் படிக்கட்டும் என்று எழுதினார்.
முள்ளைத் தொடாத குடும்பம்
மூடியையும் திறக்கவில்லை.
நூற்று முப்பது சொச்சம் வருஷம்,
வாசிக்க ஆளில்லாத இரண்டு வரி.

வரி என்பதும் பெரிய பேச்சு. மூன்றே சொல்.
கடைசிச் சொல்லில் ஊசி வழுக்கியிருக்கிறது,
சுழி மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை.
சாவியா, சாவா?
லென்சைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"என்ன மேடம் எழுதியிருக்கு?"
"ரிப்பேர் செஞ்சவர் பேரு."

மொத்த எடை. கழிவு. பதினெட்டு காரட்.
படிவத்தில் 'பழுது' என்றொரு கட்டம், யாரும் நிரப்புவதில்லை.
'நீர்' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
டோக்கன் முப்பத்தொன்று.