ஐந்தின் வயிறு

பாலம் திறந்து பதினோரு வருஷம்.
படகு போனது அதற்கு முந்தைய நாளோடு சரி.
டான்யூப் கரையில், கிர்னோவாவில்,
படகுத்துறைக் கணக்கு அலுவலகம் மட்டும்
காலை எட்டரைக்குத் திறக்கிறது.

படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது,
அடியில் யார் வீட்டுக் கோழிகளோ.
அதற்கென்று வருஷாவருஷம் வரும் வண்ணத்தில்
எங்கள் ஜன்னல்கள் நீலம்.

மாதக் கடைசியில் ஒரு தாள் தலைநகருக்குப் போகவேண்டும்:
ஏறிய பயணிகள், இல்லை.
ஏற்றிய மாடுகள், இல்லை.
மூழ்கியவை, இல்லை.
மூன்று இல்லைகளையும் ஸஹாரியா எழுதுவார்,
ஔரிக்கா சரிபார்ப்பாள்.
ஒருமுறை அவர் ஓர் இல்லையை விட்டுவிட்டார்.
விளக்கம் கேட்டு வந்த கடிதம் நான்கு பக்கம்.

எங்களை மூடுவதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள்.
நல்ல மனிதர்கள். மாடியில் இரண்டு அறை கேட்டார்கள்,
பிறகு ஒரு கணப்பு, பிறகு ஒரு செயலாளர்.
எங்களை ஏன் மூடவேண்டும் என்று
எங்களிடமே எழுத்தில் கேட்டார்கள்.
பதில் எழுத ஆள் போதவில்லை.
அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

அதற்கு முன் நான் அந்தப் பக்கம் நின்றவள்.
வேறோர் ஊர், வேறொரு ஜன்னல், அப்பாவின் ஓய்வூதியம்.
ஏழு மாதம்.
கண்ணாடியில் அரைவட்டமாக ஓட்டை வைத்திருப்பார்கள்;
அதற்குக் குனிந்து குனிந்து
முதுகுக்கு அந்த உயரம் பழகிவிட்டது.
உள்ளே இருப்பவர்கள் கல் என்று நினைத்திருந்தேன்.
உள்ளே வந்தால்
அலமாரி மேல் வரிசையாகச் சீமைமாதுளை, அறை முழுக்க வாசம்.
ஸஹாரியாவுக்கு மகளின் கல்யாணக் கடன்.
ஔரிக்காவின் கணவனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
என் பெயருக்குரிய புனிதரின் நாளில் கேக் வெட்டினார்கள்,
மூடும் குழுவும் மாடியிலிருந்து இறங்கி வந்து கைதட்டியது.

விடுமுறை முடிந்து வந்த ஜனவரியில்தான் பார்த்தோம்:
பாலம் திறந்த வருஷம் வாங்கிய தேதி முத்திரை,
அதன் வருஷச் சக்கரம் இருபத்தைந்தோடு முடிந்துவிட்டது.
புது முத்திரைக்கு விண்ணப்பம் உண்டு.
விண்ணப்பத்தில் அன்றைய தேதி முத்திரை விழவேண்டும்.

யாரும் பேசவில்லை.
ஸஹாரியா சக்கரத்தைச் சுற்றினார். வெறும் ரப்பர்.
ஔரிக்கா ஒரு பழத்தை எடுத்துத் துடைத்தாள், திரும்ப வைத்தாள்.
மாடியில் நாற்காலி நகரும் சத்தம்கூட நின்றுபோனது.
ஒரு மாதம் தாள் போகாவிட்டால்
ஏன் என்று யாராவது கேட்பார்கள்.
கேட்கவே மாட்டார்களோ?
அந்த யோசனைதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது.

கைப்பையில் நகச்சாயம் இருந்தது, அடர் சிவப்பு.
ஐந்தின் வயிறு ஒரு பக்கம் எப்போதும் திறந்துதான் இருக்கிறது.
அந்த வாசலில் ஒரு சொட்டு வைத்தேன்.
ஊதினேன். இன்னொரு சொட்டு.
தாளில் அழுத்தினால்
கொஞ்சம் குண்டு, ஆனால் ஆறு.
எவரும் எனக்கு உத்தரவிடவில்லை.
அதற்கென்று படிவம் எதுவும் இல்லை.

பதினோரு மணிக்குக் கண்ணாடியைத் தட்டினார்கள்.
ஒரு பெண். கையில் பழைய பயணச்சீட்டுக் கட்டு, கிழிக்காதது.
பணம் திரும்பக் கிடைக்குமா என்றாள்.
ஓட்டைக்குக் குனிந்திருந்ததால்
நெற்றி மட்டும் தெரிந்தது.
சாயம் இன்னும் முழுக்கக் காயவில்லை.

செவ்வாய்க்கிழமை வாங்க,
என்றேன்.