கோலி

வீரவநல்லூர் பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல
நான் இன்னும் சோடாதான் விக்கேன்.
இஞ்சி சோடா கேட்டு வாரவன் மொகத்த மட்டும்
இப்ப ஒரு தரம் பாத்துக்கிடுவேன்.

ஆவுடைநாயகம் வந்தது ஐப்பசியில ஒரு வியாழக்கிழம,
வாழத்தார் ஏலத்துக்குப் போற வழி.
ராத்திரி பூரா மழ. வாடக்காத்து.
அந்த மனுசனுக்கு மட்டும் சட்ட முதுகோட ஒட்டியிருக்கு.
எனக்கு அது உறைக்கல.
'நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்குவே,
ராத்திரி தின்ன புரோட்டா'ன்னாரு.
'வாயுதான் அண்ணாச்சி'ன்னு
சொன்னது நான்.

ஒண்ணு குடிச்சாரு. ஏப்பம் வந்துது.
ரெண்டு பேருக்கும் சந்தோசம்.
அடுத்ததுல பாதி. இடது தோளப் பிடிச்சு விட்டுக்கிட்டே
'துட்டு பெறவு தாரேன்'னு நடந்தாரு,
பத்து எட்டு இருக்கும்.

விழுந்த சத்தம்
லாரியில இருந்து மூட்ட எறக்குன மாதிரி.
யாரோ சாவிக்கொத்தக் கையில திணிச்சாவ.
யாரோ என் சோடாவயே மூஞ்சியில அடிச்சாவ.
வாய் ரெண்டு தரம், மூணு தரம், கெண்ட மாதிரி தெறந்துது.
மூச்சு இருக்குன்னு நெனச்சோம்.
அது மூச்சில்லன்னு ஹைகிரவுண்டுலதான் தெரிஞ்சுது.

சொன்னது ஜெபக்கனின்னு ஒரு நர்சு.
'விழுந்த ஒடனே நெஞ்சுக்கு நடுவுல
ரெண்டு கையையும் வச்சு அமுக்கியிருக்கணும்,
வேகமா, ஆழமா, வண்டி வார வரைக்கும் விடாம.'
திட்டல. சாதாரணமாத்தான் சொன்னா.

நான் என் கையப் பாத்தேன்.
முப்பத்தோரு வருசம் அமுக்குன கை.
கட்டவெரல் காச்சுப்போய்,
ஒரு நாளைக்கு எரநூறு கோலிய உள்ள தள்ளுத கை.
அன்னைக்கு
துண்டப் பிடிச்சிட்டு நின்னுது.

அடைப்புன்னா என்னம்மான்னு கேட்டேன்.
'பாட்டில் கழுத்துல கோலி நிக்கில்லா, அது மாதிரி
ரத்தக்கொழாயில ஒரு கட்டி.
அதுக்கு அந்தால இருக்க சத
நிமிசத்துக்கு நிமிசம் சாவுது அண்ணாச்சி.'

மாசியில மரகதவல்லி வந்தா,
சத்துணவுல சமைக்கிறவ.
நெஞ்சு வலியான்னு கேட்டேன்.
'அதெல்லாம் இல்ல. தாட வலிக்கி,
முதுகு இழுக்கு, கொமட்டுது. ஒரு சோடா ஒடைங்க.'
நெத்தியில கடுகு கடுகா வேர்வ.

'சோடா கெடையாது'ன்னேன்.
அம்பது பாட்டில் அவ கண்ணு முன்னால நிக்கி.
'துட்டுதான தாரேன்?' சண்டைக்கு வந்தா.
பெட்டியக் கவுத்துப் போட்டுத் தூணுல சாச்சு ஒக்கார வச்சேன்.
நூத்தியெட்டுக்கு அடிச்சேன்.

புருசங்காரன் பைக்குல வந்துட்டான்.
'பின்னால ஏறு, மெடிக்கல்ல ஒரு கேஸ் மாத்திர வாங்குவோம்.'
சாவிய உருவி மடியில சொருகிக்கிட்டேன்.
அவன் கெட்ட வார்த்த சொன்னான்.
நானும் சொன்னேன், அவன் சொன்னதவிடப் பெருசா.
போன்ல அந்தப் பிள்ள
ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டு ஒரு மாத்திர பேரு சொல்லிச்சு,
மெடிக்கல்ல வாங்கியாந்து மெல்லச் சொன்னோம்.
நடக்க விடாதீங்கன்னும் சொல்லிச்சு.
மரகதவல்லி எந்திரிக்க எந்திரிக்கப் பாக்கா,
'பருப்பு அடுப்புல கெடக்கு, பிள்ளைய வந்துரும்.'

பதினெட்டு நிமிசம்.
செங்கோட்ட வண்டிக்குக் கேட்டு மூடிறக் கூடாதேன்னு
எனக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்பிட்டேன்.

ஆறாம் நாள் அந்தப் பய வந்தான்.
'சாவி'ன்னான். குடுத்தேன்.
கம்பி விட்டு, பலூன் ஊதி, அடைப்ப எடுத்துட்டாவளாம்.
கஞ்சில உப்பில்லன்னு வார்டுல சண்ட போடுதாளாம்.
ஒரு பன்னீர் சோடா கேட்டான். மொகத்தப் பாத்தேன்.
வேர்வ இல்ல. ஒடச்சேன்.
கோலி உள்ள விழுத சத்தம் அன்னைக்குத்தான்
எனக்கே கேட்டாப்புல இருந்துது.

'எம்புட்டு?'ன்னான்.
இருவது.
பின்னால செவுத்துல
ஆவுடைநாயகம் பேருக்கு நேரா
சாக்கட்டியில எழுதுன நாப்பது அப்பிடியேதான் இருக்கு.
வெள்ளையடிக்க வந்தவன்ட்ட
அந்த எடத்த மட்டும் விட்டுருன்னு சொல்லிட்டேன்.