இடதுபக்கம்

பதினோராம் இலக்கம் என் தம்பி.
அதைச் சொல்லித்தான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன்.
இறுதி ஆட்டம்.
உருத்திரபுரம் விடிவெள்ளிக்கும் தண்ணீரூற்று வளர்பிறைக்கும்.
கிளிநொச்சி மைதானம் இப்படி நிரம்பி நான் பார்த்ததில்லை.
நான் வந்தது பந்துக்கு இல்லை.

சீமெந்துக் கம்பனி ஒன்று
இடைவேளைக்குப் பாட வெருகியைக் கூட்டிவந்திருந்தது.
அடையாள அட்டையில் அவள் கஜலோசினியாம்,
மிதுர்ஷா எங்கேயோ விசாரித்துவந்து சொன்னாள்.
எனக்குப் பிடிக்கவில்லை.
வெருகி வெருகியாகவே இருக்கட்டும்.

ஆடைத் தொழிற்சாலையில் நானும் மிதுர்ஷாவும் ஒரே வரிசை.
நான் கொலர், அவள் கை.
பஸ்ஸில் ஒரு இயர்போனுக்கு இரண்டு பேர்.
இடதுபக்கத்தை எப்போதும் அவளுக்குத்தான் கொடுப்பேன்.
பெரிய மனசு என்று நினைக்கிறாள்.
என் இடது காது ஒன்பது வயதில்
பங்கர் வாசலில் நின்றுவிட்டது,
அவளுக்குச் சொன்னதில்லை.

"இந்த இடத்திலை ஒரு கிற்றார் வருமெல்லே"
என்று துடையில் தட்டுவாள்.
நானும் தலையாட்டுவேன்.
பெரிய ஸ்பீக்கரில் கேட்டால்
இரண்டு பக்கமும் ஒரே காதுக்குள் வந்துவிடும்.
இதுதான் என் கணக்கு.
இதற்காகத்தான் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு
கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன்,
கையில் கச்சான் சரையோடு.

ஒன்றுக்கு ஒன்று. விசில்.
உழவு இயந்திரம் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு
முதல்நாள் மழையில் ஊறிய புல்லுக்குள் இறங்கியது.
அதுதான் மேடை.
வெள்ளிச் சப்பாத்தோடு ஏறினாள்.
படத்தில் பார்த்ததைவிடக் கட்டை.
நான் கத்தினேன்.
பக்கத்தில் நின்ற மாஸ்டர் ஒருவர்
குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

வந்தது கிற்றார்.
நெல்லு மெசினுக்குள் கல் அகப்பட்ட மாதிரி.
பல் கூசியது.
இவ்வளவு காலமும் இதையா விட்டேன்?
நல்லதா கெட்டதா என்று முடிவெடுக்க முன்னம்
ஜெனறேற்றர் இருமி
நின்றது.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.
வெளியே ஐஸ்கிரீம் வான் மட்டும்
தன் பாட்டில் பாடிக்கொண்டிருந்தது.
பிறகு பெடியள் தொடங்கினார்கள்:
"வாயசைப்பு! வாயசைப்பு!"
ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்துபோய்
பெட்டியின் தகட்டில் பட்டது.

அவள் மைக்கைக் கீழே வைத்தாள்.
பாடினாள்.
எங்கள் பக்கத்துக்கு ஒரு எழுத்தும் வரவில்லை.
மைதானமே இப்போது என் இடதுபக்கம்.
ஆனால் நான் உதடு பார்த்துக் கேட்டுப் பழகியவள்.
முதல் வரி சரி. இரண்டாவதும் சரி.
மூன்றாவதில் தன் பாட்டையே பிழைவிட்டாள்,
நாலாவது வரியின் சொல்லை முன்னுக்கு இழுத்துவிட்டு
மாட்டுப்பட்டவள்போலச் சிரித்தாள்.
பிறகு குனிந்து சாரதியிடம்:
"அண்ணை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்கே?"

அத்தனை சனத்துக்குள்ளும்
அந்தத் தூரத்திலிருந்து
அதை வாசித்தது நான் மட்டும்தான்.
கச்சான் சரை கையில் நசிந்துபோயிருந்தது.

பெட்டி திரும்பிப்போன தடம் இரண்டு வரியாய்
தண்ட உதைப் புள்ளிக்குப் பக்கத்தால் ஓடியது.
எண்பத்தேழாம் நிமிடம்
தம்பி பந்தை வைத்தான், பின்னுக்கு நடந்தான், ஓடிவந்தான்.
இடது கால் தடத்துக்குள் இறங்கியது.
பந்து
ஐஸ்கிரீம் வானின் கூரையில் விழுந்தது.
வான் அப்போதும் பாட்டை நிறுத்தவில்லை.
அடுத்த நிமிடம் வளர்பிறை கோல் போட்டது.

இரவு சப்பாத்தைக் கிணற்றடியில் எறிந்துவிட்டுச் சொன்னான்:
"எல்லாம் உன்ர ஆளாலைதான்."
"ஓம். என்ர ஆள்தான்" என்றேன்.
அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு
சோற்றை ஒரே கோப்பையில் போட்டு
நடுவில் வைத்தா.
அவன் தொடவில்லை. நான் சாப்பிட்டேன்.
பாவம்தான் அவன். பசித்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில்
வலதுபக்கத்தை மிதுர்ஷாவிடம் கொடுத்தேன்.
ஏன் என்று பார்த்தாள்.
இடதை எடுத்து என் வலக்காதில் செருகினேன்.
இத்தனை வருடம் இதைச் செய்ய ஏன் தோன்றவில்லை?
தெரியாது.

குரல் எங்கோ தூரத்தில்.
கல்லும் மெசினும்தான் கிட்ட.
கரடிப்போக்குச் சந்தி தாண்டும்வரை
முகத்தைச் சுழித்துக்கொண்டு
கேட்டுக்கொண்டே போனேன்.