வெறும் வண்டி

புதுவயல் மில்லில் எடைமேடை என் பொறுப்பு.
நெல்லோடு ஒரு தடவை ஏறும் லாரி,
வெறுமே ஒரு தடவை.
ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதற்குச் சம்பளம்.

அந்தப் பழக்கத்தில்
அடுப்படிக் காலண்டரிலும் எழுதிவந்தேன்:
சித்திரை கடைசி வாரம். பூ நாற்பத்தொன்று. காய் இல்லை.
வைகாசி முதல் வாரம். பூ ஐம்பத்தாறு. காய் இல்லை.

என்ன குறை வைத்தேன் கொடிக்கு?
காரைக்குடி நர்சரியில் கேட்டு வாங்கிய
மஞ்சள் தாட்பூட், வெயில் தாங்கும் ரகம்.
சரளை மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்து
உமியும் மக்கிய சாணமும் போட்ட குழி.
போர்த்தண்ணீர் உப்பில் இலையோரம் தீய்ந்ததும்
ஊருணியிலிருந்து சைக்கிளில் இரண்டு குடம்.
தண்டடியில் ஈரம் தேங்காமல்
ஒரு முழம் தள்ளிப் பாத்தி.
அழுகல் வந்தால் அடியில்தான் வரும்;
மேலே பச்சையாய்ச் சிரித்துக்கொண்டிருக்கும் கொடி,
கடன்பட்டவன் கல்யாண வீட்டில் நிற்பதுபோல.

ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்தது.
அழகுதான் என்று விட்டேன்.
எட்டாம் நாள் இலையடியெல்லாம் முள்முள்ளாய்ப் புழு.
குச்சியால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன்.
கோழி பார்த்தது,
என்னைப் பார்த்தது,
போய்விட்டது.

தவிடு ஏற்ற வந்த பாலக்காட்டு டிரைவர் சாஜுதான்
மேடைமேல் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்:
"ஒத்தக் கொடியா சேட்டா?
தன் பொடி தனக்கு ஆகாது அதுக்கு.
வேற கொடி வேணும்."

வேறு கொடி இருக்கிறது.
மதிலுக்கு அந்தப் பக்கம்,
மோட்டார் கொட்டகைமேல்,
அடைக்கலமேரியுடையது.
தேவகோட்டை ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்.
இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.
சாக்கடை மூடியில் ஆரம்பித்தது,
பிறகு எதில் போய் நின்றது என்று
எனக்கே மறந்துவிட்டது.

பூ விரிவது உச்சி வெயிலில்.
சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு மிதித்து வந்து
ஸ்டூல் போட்டு ஏறினேன்,
கையில் காது குடையும் பஞ்சுக்குச்சி.
அவள் தூங்கும் நேரம்.
மதில் தாண்டித் தொங்கிய அவள் பூக்களில்
மஞ்சள் பொடியைத் தொட்டு
என் பூவின் மூன்று முடியிலும் தடவினேன்.
ஐம்பத்தேழு கிலோ ஆள்,
எந்த மேடையிலும் எடை காட்டாத திருட்டு.

ஐந்தாம் நாள் ஏழு பிஞ்சு.
மறுவாரம் இருபது.

அப்புறம் ஒருநாள்
கொடியடியில் கிடந்தது ஒரு பஞ்சுக்குச்சி.
என்னுடையது வெள்ளைக் காம்பு.
இது நீலம்.
எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஒன்றும் தெரியாதவன்போல மில்லுக்குப் போனேன்.
அன்று ஒரு லாரிக்கு
இருநூறு கிலோ தப்பாக எழுதி
முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழத்தைப் பறிக்கக் கூடாது.
தானாக விழ வேண்டும்.
ஆவணியில் ராத்திரி நேரம்
பொத் பொத்தென்று கேட்கும்.
காலையில் எண்ணுவேன்: இந்தப் பக்கம் பதினொன்று.
அந்தப் பக்கம் விழுந்ததில்
என் கொடியுடையது எத்தனை,
என் பதினொன்றில் அவளுடையது எத்தனை?
காலண்டரில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது.

காய்ப்பு முடிந்தால் கவாத்து.
மழைக்கு முன்னால் வெட்டிவிட்டால்தான்
புதுத்தளிரில் அடுத்த பூ.
புரட்டாசி ஞாயிறு, கத்தரியோடு நின்றேன்.
மதில்மேல் இரண்டும் பின்னிக் கிடக்கிறது,
எது எவருடையது என்று பிரிக்க முடியாமல்.
அந்தப் பக்கமும் கத்தரிச் சத்தம்.
கேட்டது.
நின்றது.

"நுனியைப் பிடிச்சு ஆட்டுங்க,"
என்றது மதில்.

ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
கொட்டகைத் தகரத்தில் அணில் ஓடியது.

"இங்க எதுவும் அசையல.
உங்களதுதான்.
வெட்டுங்க."

வெட்டினேன்.
"அடுத்தது," என்றேன்.