அடைப்புக்குறிக்குள் ஒரு வ

சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ஜாதகம் டைப்பிங்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
கிரகங்களைக் கட்டத்துக்குள் உட்காரவைப்பது
பதினோரு வருடமாக என் வேலை.

பின்னால் நடக்கும் கிரகத்துக்கு
பெயரை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் ஒரு வ.
சனி (வ). குரு (வ).
வக்கிரம் என்று முழுதாக அடிக்க இடம் பத்தாது.
அதுவும் நல்லதுதான்,
தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்.
ராகு கேதுவுக்குப் போடுவதில்லை.
எப்போதும் பின்னால் நடப்பவர்களுக்குக்
குறி எதற்கு.

எனக்குப் புதன் (வ).
கேட்ட கேள்விக்குச் சரியான பதில்
இரண்டு நாள் கழித்து வரும்,
பல் தேய்க்கும்போது.

அந்த டிசம்பரில்
அடையாறு பாலத்தின் கழுத்துவரை ஏறிப் பார்த்துவிட்டு
தெருவுக்குள் திரும்பியது.
முன்பு படுத்திருந்த இடங்களை
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுபோல
ஷட்டர் ஷட்டராக வந்தது.
எந்தப் பத்திரத்திலும் ஏரி என்று இல்லாத மனைகள்
மூன்று நாள் ஏரியாக இருந்தன.
ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே
ஒரு வ போட்டிருக்கலாம்.

வடிந்ததும் ஜாதகங்கள் வந்தன.
பீரோ லாக்கரிலிருந்து, அரிசி டிரம்மிலிருந்து,
மஞ்சள் தடவிய மூலைகளில் சேற்றோடு.
செவ்வாய் கரைந்து அடுத்த வீட்டுக்குள் போயிருந்தது.
சந்திரன் இருந்த இடத்தில் வெறும் நீலம்.
கயிறு கட்டி கிளிப் போட்டேன்.
ஃபேன் காற்றில்
ஒரு பேட்டையின் பிறந்த நேரமெல்லாம் ஆடியது.

படிக்க முடியாததை வாயால் கேட்டு அடித்தேன்.
"சனி எங்க?"
"ஏழுல."
"வக்கிரமா?"
"இல்ல, இல்ல."
மீன் மார்க்கெட்காரர்களுக்கு இல்லை.
காரணீஸ்வரர் கோயில் தெருவில் ஒருவருக்கும் இல்லை.
அந்த இரண்டு வாரம்
சைதாப்பேட்டையில் எந்தக் கிரகமும்
பின்னால் நடக்கவில்லை.
மெத்தையும் மிக்ஸியும் போனவர்களுக்கு
ஒரு எழுத்தைத் தள்ளுபடி செய்தால் என்ன,
நானும் திருப்பிக் கேட்கவில்லை.

பத்தாம் நாள் அமிர்தகௌரி வந்தாள்.
கழுத்தில் டயாலிசிஸ் சென்டர் அடையாள அட்டை.
கையில் காகிதம் இல்லை, கூழ்.
வீட்டு முகவரி சொல்வதுபோல
கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்து
நான் கேட்கும் முன்பே
"சுக்கிரன் வக்கிரம். போட்டுக்கோங்க" என்றாள்.
கொஞ்சம் சத்தமாக.
ஜெராக்ஸுக்கு நின்ற பையன் திரும்பிப் பார்த்தான்.

ஏழு வீடு போய் வந்த ஜாதகமாம்.
ஏழாவது வீட்டில் கவரையே பிரிக்கவில்லை என்று
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னாள்.

விட்டுவிடட்டுமா, யாருக்குத் தெரியும் என்றேன்.
விரல் பேக்ஸ்பேஸில் இருந்தது.
அதுவும் பின்னால் நடக்கிற ஒன்றுதான்,
வழியில் இருப்பதைத் தின்றுகொண்டே நடக்கும்.

"வெள்ளத்துல போனது போதும்" என்றாள்.
"இது என்னோடது. இருக்கட்டும்."

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.
அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, தாம்பரம் லோக்கலில்,
கிண்டி தாண்டி,
பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் எங்களை முந்தியது.
வெளிச்சமான ஜன்னல் ஒன்றில் ஒரு குழந்தை
என்னைக் காட்டி என்னவோ சொன்னது.
அதன் கண்ணுக்கு நான்
டிபன் பாக்ஸோடு, காயாத செருப்போடு
எழும்பூரைப் பார்த்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.
நான் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பதில் வந்துவிட்டது.
அவள் நம்பர் ரசீதில் இல்லை.

மறுநாள் கடை திறந்ததும்
மற்றவர்களின் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
பழைய பஞ்சாங்கங்களும் தண்ணீரில்தான் போயிருந்தன.
குரு, சனி, செவ்வாய் எல்லாம்
நல்ல பிள்ளைகளாக முன்னால் பார்த்து நின்றன.
கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது,
யாருடைய பெயருக்குப் பக்கத்தில் என்று
தெரியாமல்.